குகனேஸ்வரியின் ஆறு

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீரென் ரிக்கொத்தாக் கூடையோடு வந்து பின்வாசல் மணியை அடித்தபோது, குகனேஸ்வரி தான் வேலை செய்கிற வீட்டுச் சின்னோராவின் சமையலறையில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். வாராவாரம் நடக்கிற சங்கதிதான். பலெர்மோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில், மலைக்கு மேலே இருக்கிற பெரிய வெளியில் சின்னோரா எமிலியானாவின் தமையனுக்கு மாட்டுப் பண்ணை. அங்கே வேலை செய்கிற வீரென் வியாழன்தோறும் பால்கட்டியும் ரிக்கொத்தாவும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு இறங்குவான். தங்கச்சியாருக்கென்று ஒரு கூடையை இங்கே வைத்துவிட்டு, குகனேஸ்வரி கொடுக்கிற தேத்தண்ணியை நின்ற நிலையில் குடித்துவிட்டுப் போவான். அவன் மொரீசியஸ்காரன். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழ்ச் சனத்தின் பிள்ளை. தமிழ் என்று அவனிடம் மிஞ்சியிருந்தது காவடிக்குச் சொல்கிற நாலு வார்த்தையும் ஒரு அரோகராவும்தான். மற்றதெல்லாம் இரண்டு பேரும் இத்தாலியனில்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரும் விடுகிற பிழைகள் ஒரேமாதிரி இருந்ததால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே விளங்கியது.

அன்றைக்குத் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னான். ஒரு கிழமையாக மாடுகளை ஆற்றுக்கு விடுவதில்லையாம், மேலே ஊற்றுத் தொட்டிக்குத்தான் சாய்க்கிறார்களாம். ஏன் என்று குகனேஸ்வரி கேட்டாள். ஆறு போய்விட்டது என்றான். எங்கே போனது என்றாள். அந்தக் கேள்வியே அவனுக்குப் பிடிபடவில்லை. வருசாவருசம் யூலை முடிய முதல் போகும், நவம்பரில் மழை விழுந்ததும் வரும், அதற்கென்ன இப்போது என்பதுபோலத் தோளைக் குலுக்கினான். குகனேஸ்வரி அடுப்பைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றதில் கத்தரிக்காய் கருகிப்போனது. ஆறு வருச வேலையில் அந்த வீட்டில் அவள் கருக்கிய முதல் கத்தரிக்காய் அது.

கருகாமல் என்ன செய்யும்? இன்னும் பத்தே நாளில், வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு, அறுபது பேர் அந்த ஆற்றில் தீர்த்தமாடப் போகிறார்கள். பஸ் பேசியாகிவிட்டது. நேரம் குறித்தாகிவிட்டது. அந்த ஆற்றுக்கு வாக்குக் கொடுத்தவள் குகனேஸ்வரி.

பலெர்மோவின் சீசாப் பகுதியில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, அதற்குள் முருகனுடைய வேல் ஒன்றை வைத்துக் கும்பிட்டு வந்தார்கள் எங்கள் சனம். முழங்கை நீளத்துப் பித்தளை வேல், யாரோ ஒருவருடைய சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைப் பூசை, வருசத்துக்கு ஒரு திருவிழா, முடிவில் தீர்த்தம். பஞ்சாங்கம் எந்த நாளைச் சொன்னாலும் தீர்த்தம் அடுத்த ஞாயிறுதான், ஏனென்றால் ஞாயிறுதான் வீட்டுவேலைக்காரருக்கு லீவு. முருகனும் சின்னோராக்களுக்குக் கட்டுப்பட்டவர்தான். முந்தின வருசம், தொண்ணூற்றுமூன்றில், வேலைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். குளிக்க வந்த வெள்ளைச் சனம் அரைகுறை உடுப்போடு சுற்றி நின்று படம் எடுத்தது. பொலிஸ்காரன் ஒருவன் சும்மா வேடிக்கை பார்க்கக் கிட்டப் போனான், ஆனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாத ஏழெட்டுப் பேர் அதைக் கண்டதும் பட்டுவேட்டியோடு ஓட்டம் பிடித்தார்கள். நகரத்துக்குள் ஓடுகிற ஒரேத்தோ ஆற்றையும் போய்ப் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஆகையால் இந்த வருசம் சித்திரையில் கூட்டம் கூடித் தீர்த்தத்துக்கு என்ன செய்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, ஒருநாளும் கூட்டத்தில் வாய் திறவாத குகனேஸ்வரி எழும்பி, ஒரு ஆறு இருக்கு என்று சொன்னாள். பாஸ்குவா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்குச் சின்னோராவோடு பண்ணைக்குப் போனபோது கண்டிருந்தாள். முழங்கால் அளவு தண்ணீர், கண்ணாடிபோலே, கல்லுக்குக் கல் தாவி ஓடிக்கொண்டிருந்தது. இரு கரையும் பச்சை, சிவந்த மாடுகள் கால் நனைய நடுவே நின்று குடித்தன. பாறைக்கு நடுவே பள்ளமான ஒரு கிடங்கில் தண்ணீர் தேங்கி நின்று, சுழன்று, பிறகு வழிந்து போனது. கரவெட்டியில் பிறந்து வளர்ந்த குகனேஸ்வரி நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஓடுகிற ஆற்றுக்குள் கால் வைத்தாள். கால் கூசியது, அவள் தன்பாட்டில் சிரித்தாள். சின்னோரா தேடி வரும்வரை வெளியே வரவில்லை.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னாள். கோயிலுக்குத் தலைவராக இருந்து பூசையும் செய்கிற சிவபாலன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஓடுகிற தண்ணிக்கு மேலே ஒரு தீர்த்தம் உண்டோ என்றார். அன்றைக்கே அதற்குக் குகனேஸ்வரியின் ஆறு என்று பெயர் விழுந்துவிட்டது. பல்லரோச் சந்தையில் மீன் வாங்க நின்றால்கூட யாராவது வந்து, உங்கடை ஆறு எப்படி இருக்கு என்று விசாரித்தார்கள். அவளும் நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூட்டத்தில் இருந்த இருபத்தைந்து தலைகளில் ஒன்றுகூட, கோடையில் அந்த ஆறு அங்கே நிற்குமோ என்று கேட்கவில்லை. கிணற்றுக் கட்டில் வளர்ந்த சனம். கிணறு கோடையில் கீழே இறங்கும், கயிற்றை இன்னும் இரண்டு முழம் விட்டால் வாளி நிறையும். தண்ணீர் முழுசாகவே எழும்பிப் போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கில் இல்லை.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்கு அரைநாள் லீவு. குகனேஸ்வரி கருகின கத்தரிக்காயைக் கொட்டி, வேறு பொரித்து வைத்துவிட்டு, வீரெனின் வான் வண்டியிலேயே ஏறி மலைக்குப் போனாள்.

பாதை ஏற ஏற மரங்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. மேலே போய்ச் சேர்ந்ததும் வெளி. சித்திரையில் பச்சையாக அலையடித்த அதே நிலம் இப்போது அறுத்த கோதுமைத் தாளும் காய்ந்த முள்ளுமாகக் கண்ணுக்கு எட்டினமட்டும் மஞ்சளாகக் கிடந்தது. மண் வாய்பிளந்திருந்தது. காற்று மட்டும் ஓயாமல் அடித்தது, அது கொண்டுவந்த மணம் முழுக்க வைக்கோலும் சாணியும். வீரென் கைகாட்டின இடத்தில், வெள்ளைக் கற்கள் நிரம்பிய ஒரு நீளப் பள்ளம் வளைந்து போனது. அதுதான் ஆறு. குகனேஸ்வரி இறங்கி நடுவால் நடந்தாள். கற்கள் சுட்டன. பாறைக் கிடங்கில் ஒரு சொட்டும் இல்லை, அடியில் வெடித்த சேறும் ஒரு ஆட்டுக் கொம்பும் கிடந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஆற்றைப் பார்த்து நாலு வார்த்தை பேசினாள். வீரென் தமிழ் விளங்காவிட்டாலும் மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

பிறகு, அவ்வளவு தூரம் வந்ததற்கு மாடுகளையாவது பார்ப்போம் என்று ஊற்றுத் தொட்டிக்கு ஏறினாள். மலைச் சரிவில் கல்லிடுக்கிலிருந்து கைவிரல் மொத்தத்தில் தண்ணீர் விழுந்தது. கீழே மூன்று கல்தொட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்தன, சிவந்த மாடுகள் நெருக்கியடித்துக் குடித்தன. கடைசித் தொட்டியால் வழிந்தது எங்கே போகிறது என்று அவள் பார்த்தாள். போய் வளர்த்தது சேற்றைத்தான். பத்து மாடு உழக்கின அந்தச் சேற்றைப் பார்த்ததும் தோட்டக்காரன் மகளுக்குப் பொறுக்கவில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வாய்க்கால் வழியே நடந்து பாத்தி பாத்தியாகத் தண்ணி மாற்றி வளர்ந்த கால்கள் அவளுடையவை. ஒரு பாத்திக்குப் போக வேண்டிய தண்ணீர் வரம்பு உடைத்து வீணே போனால் வீட்டில் சோறு இறங்காது. சேற்றுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் தேக்கி வைக்கிற பழைய கல்லுத் தாங்கி ஒன்று நின்றது. ஆளுயரச் சுவர், நாலு பக்கமும் ஐந்தைந்து பாகம், அதாவது முப்பது முப்பது அடி, உள்ளே காய்ந்த முள். எப்போதோ ஒரு காலத்தில் தோடம்பழத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினதாம். அடியில் ஒரு துவாரம். துவாரத்திலிருந்து மேடும் பள்ளமுமாக, முள் மூடிக் கிடந்த ஒரு பழைய வாய்க்கால் சரிவில் இறங்கியது. குகனேஸ்வரி அதன் வழியே இருநூறு அடி வைத்து எண்ணி நடந்தாள். போய் நின்ற இடம் ஆற்றுப் பள்ளம்.

அப்போது சின்னோராவின் தமையன் கலோஜெரோ குதிரையில் வந்தார். எழுபது வயது, பேச்சுக் குறைவு, தொப்பியைக் கழற்றி யாரும் கண்டதில்லை. குகனேஸ்வரி விசயத்தைச் சொன்னாள், விடாமல் வீரெனும் சொன்னான். கலோஜெரோ தொட்டியைக் காட்டி, ஓகஸ்டில் இது மாட்டுக்கு மட்டும், எந்தப் புனிதர் வந்து கேட்டாலும் தரமாட்டேன் என்றார். தொட்டி வேண்டாம், வழிகிறதைத் தாருங்கள் என்றாள் குகனேஸ்வரி. அவர் சேற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வழிகிறது சேற்றுடையது, சேறு மறுத்தால் எனக்குத் தெரியாது என்றார். ஆனால் தாங்கியைத் திறந்துவிட்டு ஆற்றில் தண்ணீர் ஓட்டுகிற கதையைக் கேட்டதும் தலையை ஆட்டினார். எழுபது கோடை பார்த்தவர் அவர். அந்தக் கல்லுப் படுகை இறக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், ஆற்றுக்கு உன்னைவிடத் தாகம் என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

அந்த மனிசன் போய் மறையுமுன்பே குகனேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிவிட்டாள். வீரென் மண்வெட்டி கொண்டுவந்தான். சேற்றின் நடுவே வெட்டி, இருபக்கமும் வரம்பு கட்டி, வழிகிற தண்ணீரைத் தாங்கிக்குள் திருப்பினாள். தாங்கியின் துவாரத்துக்குச் சாக்கில் வைக்கோலும் களிமண்ணும் சாணியும் குழைத்து அடைத்து, இழுத்துத் திறக்க ஒரு கயிறும் கட்டி வைத்தாள். விரல் மொத்தத் தண்ணீர் தாங்கியின் அடியில் விழுந்து முதல் ஓசை கேட்டபோது இரண்டு பேரும் நின்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னபோது குணரத்தினம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக் கழுவி ஊறிப்போன கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இஞ்சரும், சிவபாலண்ணைக்கு இப்பவே சொல்லிப்போடும்," என்றான்.

"சொன்னா திரும்பவும் கடற்கரைதான். பத்து நாள் தண்ணி சேரட்டும். அதுக்குப் பிறகு நான் எல்லாருக்கும் சொல்லுறன்."

இடையில் வந்த ஞாயிறு புருசனும் பெண்சாதியும் வீரெனின் வானில் போய் முள் வெட்டி வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். தாங்கியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அந்தக் கிழமை முழுக்க குகனேஸ்வரி சின்னோராவின் வீட்டில் குழாயைத் திறக்கிறபோதெல்லாம் தாங்கியை நினைத்தாள். சாக்கு ஊறி இளகினால்? ஒரு மாடு வரம்பை மிதித்துவிட்டால்? திருவிழாச் சாப்பாட்டுக்குப் பொறுப்பான இராசாத்தியோடு பல்லரோவுக்குச் சாமான் வாங்கப் போனவள், பூசணிக்காயை வாங்கிவிட்டுக் காசை வாங்கினவனிடமே பூசணிக்காயையும் திருப்பிக் கொடுத்தாள். இராசாத்தி அன்றைக்குப் பந்தியில் இலைக்குப் பதில் விரிப்பதற்கென்று எலுமிச்சம்பழப் படம் போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு ஒரு முழு உருளை வாங்கினாள். மேசைக்குப் போடுகிற விரிப்பு, நாற்பது மீற்றர். இவ்வளவும் எதுக்கு என்று கேட்டதற்கு, அறுபது பேரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும், அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

தீர்த்த நாள் விடிந்தது. ஏழரை மணிக்கு பஸ் புறப்பட்டது, பட்டுச்சேலையும் வேட்டியும் மல்லிகைப்பூ மணமும் சாம்பார்க் கிடாரமுமாக. முன்சீற்றில் சிவபாலன் மடியில் வேலை வைத்துப் பிடித்திருந்தார். நகரம் முடிந்து மலை தொடங்கின இடத்தில் குகனேஸ்வரி எழும்பினாள். சாரதியிடம் கேட்டு மைக்கை வாங்கினாள். வாழ்க்கையில் மைக் பிடித்தவள் இல்லை. ஒரு கையால் மைக்கையும் மறுகையால் சீற்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ. நான் சொன்ன ஆறு இப்ப அங்கை இல்லை. வெய்யிலுக்கு வத்திப்போச்சுது. ஆறு வத்தும் எண்டு எனக்குத் தெரியாது. பத்து நாளா ஒரு தாங்கியிலை தண்ணி கட்டி வைச்சிருக்கிறன். அதைத் திறந்துவிட்டா ஆத்துக்குப் போய்ச் சேரும் எண்டு நினைக்கிறன். சேராட்டிப் பிழை என்னிலைதான்."

பின்சீற்றில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, அதைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இனி வாழ்நாள் முழுக்கப் பல்லரோவில் மீன் வாங்கப் போக முடியாது என்று குகனேஸ்வரிக்கு ஒரு நினைப்பு வந்தது. அப்போது முன்சீற்றிலிருந்து சிவபாலன் வேலோடு எழும்பித் திரும்பி நின்றார்.

"அளவெட்டியிலை எங்கடை வளவுக்குப் பின்னாலைதான் வழுக்கியாறு," என்றார். "மாரிக்கு மட்டும் ஓடும். கோடையிலை அதுக்குள்ளை நாங்கள் பந்தடிக்கிறனாங்கள். கேக்கவேண்டிய ஆள் நான்தான். நானும் கேக்கேல்லை." அவர் திரும்பச் சீற்றில் இருக்கப் போனார், இருக்கவில்லை. "வாய்க்கால் எவ்வளவு நீளம், தங்கச்சி?"

இருநூறு அடி என்றாள், நடை அடி. மண் என்ன மண் என்று நாலாவது சீற்றிலிருந்து ஒருவர் கேட்டார். களி என்றாள். களியென்றால் நல்லது, ஆனால் வெடித்திருக்கும், முதல் தண்ணியைக் குடிக்கும் என்றார் இன்னொருவர். தாங்கித் தண்ணீர் இரண்டிஞ்சி மிசினுக்கு எவ்வளவு நேரத்து இறைப்பு என்று ஒரு கணக்குக் கிளம்பி, பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கோப்பை கழுவுகிறவர்களும் கிழவர்களைப் பராமரிக்கிறவர்களும் மாடிப்படி துடைக்கிறவர்களுமாகப் புறப்பட்ட பஸ், மலை ஏறி முடிவதற்குள் தோட்டக்காரரின் பஸ்ஸாகிவிட்டது. குகனேஸ்வரி மைக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனாள்.

பஸ் கடைசித் துண்டுப் பாதைக்கு ஏற முடியாமல் நின்றுவிட்டது. வெயிலில் நடந்து தாங்கிக்குப் போய்ச் சேர பதினொன்று தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கும், அதற்கு முந்தி வேல் நனைய வேண்டும். தாங்கி மேல்விளிம்புக்கு ஒரு சாண் குறைவாக நிரம்பி, பச்சையாக, ஆடாமல் நின்றது. உள்ளே இறங்கப் படியில்லை, குழந்தைகளைத் தூக்கித்தான் தண்ணீரைக் காட்டினார்கள். குணரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டித் துவாரத்தருகே குந்தினான். ஒரேயடியாகத் திறந்தால் வாய்க்கால் உடைக்கும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, ஒரு பலகையை வைத்துப் பிடித்து ஆள் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் நீர் தண்ணியோடு போம் என்றான். சிவபாலன் தேவாரம் தொடங்கினார். கயிறு இழுபட்டது.

தண்ணீர் முதலில் துப்பினது, பிறகு பாய்ந்தது. முன்நுனியில் சருகும் வண்டும் நுரையும் உருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினது. குகனேஸ்வரி அதற்குப் பக்கத்தில் நடந்தாள், மண்வெட்டியும் கையுமாக, அது நின்றால் நின்று, அது ஓடினால் ஓடி. முப்பது அடிக்குள் ஒரு வெடிப்பில் தண்ணீர் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. அவள் மண்வெட்டியைத் தூக்கவும் முந்தி, கோட்டும் சப்பாத்துமாக வந்த ஒரு மனிசர் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் மண்ணைத் தள்ளி அடைத்தார். அடுத்த வெடிப்புக்கு இரண்டு பெண்கள் பட்டுச்சேலையோடு முழங்காலில் இருந்தார்கள். பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஆளுக்கொரு இடத்தில் காலை வைத்து அடைத்துக்கொண்டு, அங்கே உடைக்குது, இஞ்சை உடைக்குது என்று கத்திக்கொண்டு, அறுபது பேரும் தண்ணீரோடு இறங்கினார்கள். வீரென் ஒவ்வொரு உடைப்பு அடைபடும்போதும் அரோகரா சொன்னான், தனக்குத் தெரிந்த அந்த வார்த்தையை வஞ்சகமில்லாமல் செலவழித்தான். தண்ணீரின் நுனி ஆற்றுப் பள்ளத்தின் கரையில் ஒரு கணம் தயங்கி, பிறகு கீழே குதித்தது.

குதித்தது, காணாமல் போனது. வெள்ளைக் கற்கள் ஈரமாகிக் கறுத்தன, அவ்வளவுதான். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்து விழ விழ, படுகை சத்தமில்லாமல் குடித்தது. பாறைக் கிடங்கு இன்னும் முப்பது மீற்றருக்கு அப்பால் கிடந்தது. பதினொன்று முப்பத்தைந்து. கரையில் குதிரையில் இருந்து கலோஜெரோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேனே என்று அவர் முகம் சொல்லவில்லை, அதைத்தான் குகனேஸ்வரியால் தாங்க முடியவில்லை. வேலைப் பிடித்தபடி சிவபாலன் கிடங்கின் பாறையில் ஏற்கனவே போய் நின்றார், வரும் என்ற நம்பிக்கையில் நின்ற மனிசன். அவள் திரும்பிப் பார்த்தாள். இராசாத்தி கையிடுக்கில் பிளாஸ்ரிக் உருளையை அணைத்துக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து நின்றாள்.

"இராசாத்தி, அதைக் கொண்டா."

"இது பந்திக்கு, குகனக்கா."

"மணல் தரையிலை வாய்க்கால் போனா உங்கடை அப்பா என்ன விரிக்கிறவர்?"

இராசாத்தி மிருசுவில்காரி, மணலுக்குள் பிறந்தவள். "சாப்பாட்டை எதிலை போடுறது?" என்று மட்டும் கேட்டாள், கேட்டுக்கொண்டே உருளையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எலுமிச்சம்பழங்கள் படுகையில் விரிந்துகொண்டு போயின. இருபக்க விளிம்பையும் உயர்த்திக் கல் அடுக்க வேண்டும், கல்லுக்கோ அங்கே பஞ்சமில்லை. பிள்ளைகள் பொறுக்கினார்கள், பெரியவர்கள் அடுக்கினார்கள். குகனேஸ்வரி குனிந்து ஒரு விளிம்பை மடிக்கையில் பக்கத்தில் ஒரு பெரிய கல் வந்து இருந்தது. வைத்தது தடித்த, வெடித்த, வெள்ளைக்காரக் கை. அவள் நிமிருமுன்பே கலோஜெரோ அடுத்த கல்லுக்குப் போனார். தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தார், அதற்குள்ளும் சின்னக் கற்களைப் பொறுக்கிப் போட்டிருந்தார்.

விரிப்பின் தலைப்பை வாய்க்கால் விழுகிற இடத்தில் செருகினார்கள். தண்ணீர் அதில் ஏறினது. மஞ்சள் பழங்களுக்கும் பச்சை இலைகளுக்கும் மேலே வழுக்கி, வெயிலில் மின்னி, குழந்தைகள் ஓடுகிற வேகத்தில் ஓடினது. குழந்தைகள் கூடவே ஓடினார்கள். அறிவா, அறிவா என்று இத்தாலியனில் கத்தினார்கள், வருகுது வருகுது என்று தமிழிலும் கத்தினார்கள். கிடங்கின் விளிம்பில் தண்ணீர் ஒருதரம் சிதறி உள்ளே விழுந்தது. வெடித்த சேறு மூடுண்டது, ஆட்டுக்கொம்பு மிதந்தது, கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. பன்னிரண்டுக்கு எட்டு நிமிசம் இருக்கச் சிவபாலன் வேலோடு இறங்கி மூன்றுதரம் முழுகினார். மூன்றாம் தரம் எழும்பினபோது மூக்குக்கண்ணாடி இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மலைக்கு அப்பால் இருந்த ஊருக்கே கேட்டிருக்கும் அந்த அரோகரா. அதற்குப் பிறகு யார் முதலில் இறங்கினது என்று சொல்ல முடியாது. குகனேஸ்வரி சேலையோடு கிடங்குக்குள் இருந்தாள், தலைக்கு மேலால் தண்ணீர் வார்த்துக்கொண்டு அழுதாள், சந்தோசத்தில் வந்த அழுகை. பக்கத்தில் இராசாத்தி மூக்கால் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டிருந்தாள்.

மாடுகள் தண்ணீரை மணந்து பிடித்துவிட்டன. மேட்டில் ஒன்று, பிறகு பத்து, பிறகு சிவப்பாக ஒரு வரிசை, மணியைக் கிலுக்கிக்கொண்டு படுகைக்கு இறங்கின. சனம் சிரித்துக்கொண்டு வழி விட்டது. ஒரு பெரிய பசு விரிப்பின் நடுவே வந்து நின்று, எலுமிச்சம்பழங்களின் மேலே ஓடின தண்ணீரை உறிஞ்சத் தொடங்கினது. அதைப் படம் எடுங்கோ ஊருக்கு அனுப்ப என்று இராசாத்தியைப் பார்த்துச் சொன்னார் யாரோ. அவள் சோற்றைக் கையில் உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கும் யோசனையில் இருந்தாள்.

அப்போதுதான் குகனேஸ்வரிக்குத் தாங்கியில் இருக்கிற மனிசனின் ஞாபகம் வந்தது. கறுத்த ஈரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மேலே ஏறினாள். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்துகொண்டு வந்தது, கடைசித் தண்ணீர் அவள் காலைக் கடந்து கீழே போனது. தாங்கியின் அடியில் குணரத்தினம் இன்னும் குந்திக்கொண்டு, சேறு காய்ந்த இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தான். முக்கால் மணித்தியாலமாக அவன் கண்டது அந்தத் துவாரம் ஒன்றைத்தான்.

"போய்ச் சேந்ததோ?" என்று கேட்டான்.

அவள் சொட்டச் சொட்ட நனைந்திருந்த சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கி, அவன் தலைக்கு மேலே பிடித்துப் பிழிந்தாள்.